மறுசுழற்சிக் கூடத்தில் எண்ணெய்க் கசிவு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

வெயில் காலம் முழுக்க யார்டு சுத்தமாகத்தான் தெரியும். தரை காய்ந்து, கருத்து, மேலே தூசி படிந்து கிடக்கும். முதல் மழை பெய்த பத்தாவது நிமிடம் வடிகால் வாயில் போய் நின்று பாருங்கள். நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு படலம் மெதுவாகச் சுழன்று உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். அன்றைக்குத்தான் எல்லாரும் கசிவு என்று ஓடுவார்கள். அந்தக் கசிவு அன்றைக்கு நடந்ததல்ல. மாதக் கணக்கில் சொட்டியதை மழை ஒரே நாளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

பழைய இரும்பு, அட்டை, பிளாஸ்டிக், கழித்த வண்டிகள் எல்லாம் வந்து சேரும் கூடங்களில் மெஷின் பராமரிப்புப் பார்த்தவன் நான். எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. எண்ணெய் தானாக அதிக தூரம் போகாது, தண்ணீர்தான் அதை வெளியே கொண்டுபோகிறது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேளுங்கள்: எண்ணெய் எங்கிருந்து வருகிறது? தண்ணீர் அதை எந்த இடத்தில் சந்திக்கிறது? முதல் கேள்விக்கு விடை கிடைக்க நாளாகலாம். இரண்டாவதற்கு அன்றைக்கே வழி செய்துவிடலாம்.

இப்போதே கொட்டிக்கொண்டிருக்கிறது

காரணத்தை அப்புறம் தேடலாம். முதலில் என்ன எண்ணெய் என்று பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அது தீ விபத்துக்கு முந்தைய நிலை. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவி அதிலிருந்து கிளம்பும். ஆட்களை விலக்குங்கள், பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டவோ ஸ்டார்ட் செய்யவோ விடாதீர்கள், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், தீயணைப்பைக் கூப்பிடுங்கள். டீசலும், மெஷினின் சிலிண்டர்களை அழுத்தத்தால் தள்ளும் ஹைட்ராலிக் ஆயிலும் அவ்வளவு சீக்கிரம் பற்றாது. அங்கே சற்று நிதானமாக வேலை பார்க்கலாம்.

அடுத்தது, ஊற்றை அடைப்பது. வால்வை மூடுங்கள், பம்ப்பை நிறுத்துங்கள். டிரம் ஓட்டையாகியிருந்தால் ஓட்டை மேல் பக்கம் வருமாறு அதை உருட்டிவிட்டால் போதும், பாதிக்கு மேல் மிஞ்சும். பதற்றத்தில் இந்த எளிய வேலை பலருக்கும் தோன்றுவதில்லை. ஃபோர்க்லிஃப்ட்டின் முள் டிரம்மில் குத்தியிருந்தால் சடாரென்று உருவாதீர்கள். அந்த முள்ளே இப்போது பாதி அடைப்பாக இருக்கிறது. அடியில் தட்டோ தொட்டியோ கொண்டுவந்து வைத்த பிறகு மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள்.

ஒருவர் ஊற்றைப் பார்க்கும்போதே இன்னொருவர் பள்ளத்துப் பக்கம் ஓட வேண்டும். தரையில் கிடக்கும் எண்ணெயைத் துடைப்பதை விட வடிகால் வாயை மூடுவது முக்கியம். ரப்பர் மூடி இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, மேலே மணல் மூட்டை அடுக்குங்கள். வெறும் மணல் மூட்டை எண்ணெயைத் தடுக்காது, இடுக்கில் நழுவிப் போய்விடும். அப்புறம் எண்ணெயை உறிஞ்சும் பொருள் அடைத்த நீளப் பையைப் பள்ளத்துப் பக்கம் வில் போல வளைத்துப் போட்டு, விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் துடைத்து வாருங்கள். நடுவில் ஆரம்பித்தால் மிதித்து மிதித்து நாமே பரப்பிவிடுவோம்.

தண்ணீர்க் குழாயை யாரும் கையில் எடுக்கக் கூடாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவவே கூடாது. ஏன் என்பதை, தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பிரிப்புத் தொட்டி பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

மழைநீர் வடிகாலில் வானவில் நிறம்

இதைப் பார்த்து மிரளவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம். வானவில் நிறம் தெரியும் படலத்தின் தடிமன் மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இருக்கும், ஏறக்குறைய 0.3 முதல் 5 வரை. ஒரு தலைமுடியின் தடிமனில் அது மிகச் சிறிய பங்கு. 1 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரே ஒரு லிட்டர் எண்ணெய் 1,000 சதுர மீட்டருக்குப் பரவும். ஆகவே நிறம் தெரிவதால் டிரம் கணக்கில் போயிருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் எங்கேயோ எண்ணெய் திறந்து கிடக்கிறது, மழை அதைத் தொடுகிறது என்பது உறுதி.

முதலில் அது எண்ணெய்தானா என்று ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் இரும்புச் சத்தை உண்ணும் பாக்டீரியாக்களும் இதே போலப் பளபளப்பான படலம் போடும். அதைக் குச்சியால் தொட்டால் கண்ணாடிச் சில்லு போல உடைந்து, துண்டு துண்டாக விலகி நிற்கும். எண்ணெய்ப் படலம் விலகின உடனே மறுபடி ஒன்று சேர்ந்துவிடும்.

எண்ணெய் என்று தெரிந்ததும் வடிகாலிலிருந்து மேட்டை நோக்கி நடங்கள். மழை விட்ட கையோடு, தரை ஈரமாக இருக்கும்போதே நடப்பது நல்லது. ஈரத் தரையில் எண்ணெய் ஓடிய தடம் கண்ணுக்குத் தெரியும், காய்ந்துவிட்டால் மறைந்துவிடும். இரண்டு வாய்க்கால் சேரும் இடம் வந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை உறிஞ்சு தாளைப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். எது கறுக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும்.

இப்படி நடந்தால் பெரும்பாலும் வண்டிகள் நிற்கும் இடத்திலோ, கூரைக்கு வெளியே தள்ளி வைத்த பழைய கியர்பாக்ஸ் குவியலிலோ, டீசல் பிடிக்கும் இடத்திலோ போய் நிற்பீர்கள். குப்பையை அழுத்தி ஏற்றிவரும் லாரிகளை மறந்துவிடாதீர்கள். கொட்டும்போது பின்பக்கத்தைத் தூக்குவதே ஹைட்ராலிக் சிலிண்டர்தான். அது சொட்டுவது நம் தரையில், லாரி அடுத்த நிமிடம் போய்விடும். நம் மெஷின்களையே ஒரு மாதம் சந்தேகப்பட்டுத் திரிந்துவிட்டுக் கடைசியில் வெளியிலிருந்து வந்த ஒரு வண்டியில் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். கொட்டும் மேடையில் லாரி நின்று போன பிறகு தரையைப் பார்ப்பதை வாசல் ஆளின் வேலையில் சேர்த்துவிடுங்கள்.

வேஸ்ட் ஆயில் டிரம் வழிகிறது, ஆனால் யாரும் ஊற்றவில்லை

நேற்று டிரம்மில் கொஞ்சம் இடம் இருந்தது, இன்று காலை சுற்றிலும் கருப்பு ஆயில். யாரோ அதிகமாக ஊற்றிவிட்டுப் பொய் சொல்கிறார்கள் என்று சண்டை வரும். டிரம்மின் வாயைப் பாருங்கள். புனல் அப்படியே சொருகியிருக்கும்.

மழை புனல் வழியாக உள்ளே போகிறது. தண்ணீர் கனமானது, அடியில் போய் உட்காருகிறது. மேலே இருக்கும் எண்ணெயை அது தூக்கிக்கொண்டே வருகிறது. டிரம் நிறைந்ததும் வெளியே வழிவது தண்ணீர் அல்ல, முழுக்க முழுக்க எண்ணெய். ஒரு லிட்டர் மழை உள்ளே போனால் ஒரு லிட்டர் எண்ணெய் வெளியே வரும்.

மூடி இறுக்கமாக இருந்தாலும் ஒரு வழி உண்டு. நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல் தகட்டில் மழைநீர் தேங்கும். பகலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி குளிரும்போது சுருங்கி, மூடியின் மரை வழியாகத் தேங்கிய தண்ணீரை உள்ளே இழுக்கும். டிரம் மூச்சு விடுகிறது என்று வேலை தெரிந்தவர்கள் சொல்வது இதைத்தான். கூரைக்கு அடியில் வையுங்கள். கூரை இல்லாத இடத்தில் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சற்றுச் சாய்த்து, மூடிகள் எதுவும் தண்ணீர் தேங்கும் பள்ளத்துப் பக்கம் வராதவாறு நிறுத்துங்கள். புனலுக்கு மூடி போட்டதையே வாங்குங்கள்.

பேல் (அழுத்திய கட்டு) போடும் மெஷினுக்கு அடியில் தினமும் குட்டை

ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் சாதாரணமாகத் தோன்றும். ஒரு சொட்டு 0.05 மில்லிலிட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 4.3 லிட்டர், ஒரு மாதத்துக்கு 130 லிட்டர். 200 லிட்டர் டிரம்மில் பாதிக்கு மேல். "கொஞ்சம் டாப் அப் பண்ணினால் ஓடும்" என்று சொல்லும் மெஷின் எவ்வளவு குடிக்கிறது என்பதை எழுதிவையுங்கள். டாப் அப் செய்த லிட்டர் எங்கே போனது? தரையில்தான் போயிருக்கும். அந்த நோட்டுதான் உங்களிடம் இருக்கும் மிக நல்ல கசிவுமானி.

தேடுவதற்கு முன்னால் மெஷினை நன்றாகத் துடைத்துச் சுத்தமாக்குங்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்த களி ஒட்டியிருக்கும் மெஷினில் எந்த நட்டிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய் கீழே சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றல்ல. அது ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டு ஒரு மீட்டர் தள்ளிப் போய்ச் சொட்டும். துடைத்த பிறகு குழந்தைகளுக்குப் போடும் பவுடரை இணைப்புகளின் மேல் தூவி, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஈரமான இடம் தனியாகக் கறுத்துத் தெரியும்.

நான் பார்க்கும் வரிசை இது. ஹோஸ்கள் முதலில். ஹோஸ் மேல் நீளவாக்கில் அச்சடித்த ஒரு கோடு ஓடும். அது நேராக இருக்க வேண்டும். திருகுக் கம்பி போலச் சுற்றிக்கொண்டு போனால் மாட்டும்போதே முறுக்கி மாட்டியிருக்கிறார்கள், அந்த ஹோஸ் சீக்கிரம் போகும். முனையில் அழுத்திய இரும்புக் காப்புக்குப் பக்கத்தில் உப்பல் இருக்கிறதா, உரசிக் கம்பி வலை தெரிகிறதா என்று பாருங்கள். வலை தெரிந்த ஹோஸுக்கு டேப் சுற்றுவது வைத்தியம் ஆகாது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து இணைப்புகள். ஒழுகுகிறது என்றதும் ஸ்பேனரை எடுத்து இறுக்குவதுதான் எல்லார் கையும் செய்யும் முதல் வேலை. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்த இணைப்பில் அந்த வளையம் கெட்டிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கூம்பு வாய் இணைப்பில் அதிகம் இறுக்கினால் வாய் வெடிக்கும். ஒரு தடவை சரியான முறுக்கு விசையில் இறுக்கிப் பாருங்கள். நிற்கவில்லையா, கழற்றிப் பாருங்கள். பிரஷரை இறக்கி, யாரும் ஸ்டார்ட் செய்ய முடியாதபடி மெஷினுக்குப் பூட்டுப் போட்ட பிறகு மட்டுமே கழற்ற வேண்டும்.

மூன்றாவது, சிலிண்டருக்குள் போய் வரும் தண்டு, அதாவது ராடு. மெஷினைப் பூட்டி, பிரஷர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ராடின் மேல் நகத்தை நீளவாக்கில் மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டும் இடத்தில் கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும், எண்ணெய் வெளியே வராமல் அடைக்கும் ரப்பர் சீலை அறுக்கிறது. சீலை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மறுபடி ஒழுகும். கண்ணாடித் தூளும் மணலும் பறக்கும் கூடத்தில் ராடைத் துடைக்கும் வைப்பர் சீல் கிழிந்ததா என்பதைக் கூடவே பாருங்கள். ராடைக் கீறுவது பெரும்பாலும் அந்த வழியாகப் போன தூசிதான்.

எல்லாச் சீலும் ஒரே சமயத்தில் ஒழுக ஆரம்பித்தால் சீலைச் சந்தேகப்படாதீர்கள், சூட்டைச் சந்தேகப்படுங்கள். ஆயில் தொடர்ந்து 80 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஓடினால் ரப்பர் சீல்கள் சீக்கிரம் கெட்டிப்பட்டு வெடிக்கும். அட்டையும் காகிதமும் அடைக்கும் கூடத்தில் ஆயில் கூலரின் இதழ்களில் காகிதப் பஞ்சு கம்பளி போலப் படியும். காற்றுப் புகாது, ஆயில் கொதிக்கும். வாரம் ஒரு தடவை கூலரை ஊதிவிடுவது கசிவைத் தடுக்கும் வேலை. அது ஏதோ சுத்தம் சம்பந்தப்பட்டது என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

தரையில் குட்டை இல்லை, ஆனால் மெஷினைச் சுற்றி மெல்லிய பனி

இதை உடனே நிறுத்துங்கள், ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊசித் துளையிலிருந்து அதிக பிரஷரில் எண்ணெய் தூவுகிறது. ஹைட்ராலிக் ஆயில் தரையில் கிடந்தால் எளிதில் பற்றாது. பனியாகப் பறக்கும்போது சூடான சைலன்சரோ வெல்டிங் பொறியோ பட்டால் பந்தம் போலப் பற்றும்.

அந்தத் துளையைக் கையால் தடவித் தேடவே கூடாது. இந்த மெஷின்களில் பிரஷர் 200 பார், சிலவற்றில் 300 பார் வரை இருக்கும். அது கையுறையையும் தோலையும் துளைத்து எண்ணெயைச் சதைக்குள் ஏற்றிவிடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலி கூட இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுக ஆரம்பித்திருக்கும். அப்படி யாருக்காவது நடந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், உயர் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தாமதித்ததால் விரலை, கையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். துளையைத் தேட நீளமான ஓர் அட்டைத் துண்டு போதும். தள்ளி நின்று ஹோஸின் பக்கத்தில் அதைக் காட்டினால் எண்ணெய்க் கோடு விழும்.

டேங்கில் அளவு குறைகிறது, வெளியே எதுவும் தெரியவில்லை

டீசல் டேங்க் என்றால் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். டீசல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.08 சதவீதம் விரியும், சுருங்கும். 5,000 லிட்டர் டேங்கில் 10 டிகிரி குறைந்தால் சுமார் 40 லிட்டர் காணாமல் போனது போலத் தெரியும். அதனால் ஒரே நேரத்தில், விடியற்காலையில் அளவெடுங்கள். யாரும் பிடிக்காத ஒரு ராத்திரியைத் தேர்ந்தெடுத்து முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பூமிக்கு அடியில் இருக்கும் டேங்க் என்றால் அளவுகோலின் நுனியில் தண்ணீரைக் காட்டும் பசை தடவி இறக்குங்கள். அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தால் டேங்க்கில் ஓட்டை என்று சந்தேகிக்க வேண்டும். நிலத்தடி நீர் உள்ளே வரும் அதே வழியில் டீசல் வெளியே போகலாம். அப்போது ஆய்வுக்காரரைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஹைட்ராலிக் டேங்கில் குறைந்து, வெளியே ஈரமே இல்லையென்றால், தண்ணீரால் குளிரும் கூலரைப் பாருங்கள். உள்ளே குழாய் ஓட்டையாகியிருந்தால் ஆயில் குளிர்நீருக்குள் போகும். மெஷின் நின்ற பிறகு தண்ணீர் ஆயிலுக்குள் வரும், ஆயில் பால் போல வெளுக்கும்.

சரளைக் கல் போட்ட தரையில் "எதுவும் தெரியவில்லை" என்பதை நம்ப முடியாது. சரளை எண்ணெயை விழுங்கிவிடும். கறை பட்ட இடத்தில் புதுக் கல்லைக் கொட்டி மூடிய யார்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மண் வருஷக் கணக்கில் மழைக்கு மழை எண்ணெயைக் கக்கிக்கொண்டிருக்கும். தோண்டி எடுத்து அபாயக் கழிவாக அனுப்புவது ஒன்றுதான் வழி.

தடுப்புச் சுவருக்குள் தண்ணீர் நிற்கிறது

டேங்கைச் சுற்றிக் கட்டும் இந்தச் சுவரை டைக் வால் என்றும் சொல்வார்கள். உள்ளே இருக்கும் மிகப் பெரிய டேங்கின் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்க வேண்டும் என்பது பல நாடுகளில் கடைப்பிடிக்கும் அளவு. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் என்றால் 6,000 லிட்டர் பிடிக்கும். 5,000 லிட்டர் டேங்குக்கு வேண்டியது 5,500. சரி, போதும். இப்போது உள்ளே 10 சென்டிமீட்டர் மழைநீர் நிற்கிறது என்று வையுங்கள். 1,200 லிட்டர் போய்விட்டது, மீதி 4,800. டேங்க் உடைந்தால் அது முழுதையும் கூடத் தாங்காது. பக்கத்திலேயே வேறு டேங்கும் நின்றால் அது அடைக்கும் இடத்தையும் கழிக்க வேண்டும்.

அதனால் மழைநீரை வெளியேற்றத்தான் வேண்டும், ஆனால் வால்வைத் திறந்துவிட்டுப் போகக் கூடாது. நான் பார்த்த கெட்ட பழக்கங்களில் மோசமானது இதுதான். மழைக்காலத்தில் யாரோ வடிகால் வால்வைத் திறக்கிறார்கள், வேறு வேலை வருகிறது, மறந்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தச் சுவர் இருந்தும் இல்லாததுதான். முடிந்தால் வால்வே வைக்காதீர்கள், பம்ப் வைத்து இறையுங்கள். வால்வு இருந்தால் பூட்டுப் போட்டு, சாவி ஒருவரிடம் இருக்கட்டும். இறைக்கும் முன் மேலே படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உறிஞ்சு தாளால் எடுத்த பிறகுதான் இறைக்க வேண்டும். இறைத்த தண்ணீரும் பிரிப்புத் தொட்டிக்குத்தான் போக வேண்டும், மழைநீர் வடிகாலுக்கு அல்ல.

தண்ணீரே நிற்கவில்லை, எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே காய்ந்தே இருக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். சுவரிலோ தரையிலோ வெடிப்பு இருக்கிறது. குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தை முதலில் பாருங்கள்.

பிரிப்புத் தொட்டி இருக்கிறது, இருந்தும் எண்ணெய் வெளியே போகிறது

தொட்டி செய்யும் வேலை எளிது. தண்ணீரை மெதுவாக்குகிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது, அடியிலிருந்து தண்ணீர் மட்டும் வெளியே போகிறது. இது நடக்க நேரம் வேண்டும். எண்ணெய்த் துளி பாதி அளவாகச் சிறுத்தால் அது மேலே வரும் வேகம் நான்கில் ஒரு பங்காகிவிடும். எனவே துளிகளைச் சிறிதாக்கும் எதுவும் இந்தத் தொட்டிக்கு எதிரி. சோப்பு அதைத்தான் செய்கிறது. எண்ணெயைப் பொடிப் பொடியாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடும், தொட்டி அதைத் தண்ணீர் என்று நினைத்து அனுப்பிவிடும். தரை பளிச்சென்று இருக்கும், எண்ணெய் ஆற்றுக்குப் போயிருக்கும்.

வெளியேறும் இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் பிடித்து, ஜன்னல் ஓரத்தில் அசையாமல் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மேலே தெளிவாக எண்ணெய் வளையம் கட்டினால், தொட்டிக்கு நேரம் போதவில்லை: வரத்து அதிகம், அல்லது அடியில் சேறு நிறைந்து தண்ணீருக்கான இடம் குறைந்துவிட்டது, அல்லது மேலே சேர்ந்த எண்ணெயை எடுக்காமல் விட்டுவிட்டீர்கள். மறுநாள் காலையும் புட்டி மோர் போலக் கலங்கியே இருந்தால், எண்ணெய் குழம்பாகக் கலந்திருக்கிறது: சோப்பு, பிரஷர் வாஷர், கடைசல் பட்டறைக் கூலண்ட் இவற்றில் ஒன்று. தொட்டிக்கு முன்னால் வேகமாகச் சுழலும் பம்ப் வைத்திருந்தாலும் இதே நிலைதான், பம்ப்பின் இறக்கை எண்ணெயை அடித்துக் கலக்கிவிடும். முடிந்தால் பம்ப்பைத் தொட்டிக்குப் பின்னால் மாற்றுங்கள்.

இன்னொரு காரணம் யாருக்கும் தோன்றாதது. தொட்டியைப் போன வாரம் சுத்தம் செய்தீர்களா? லாரி வந்து எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போயிருக்கும், தொட்டி காலியாக இருக்கும். அடியிலிருந்து வெளியேறும் குழாய்க்கு இப்போது தண்ணீர்த் தடுப்பு இல்லை. அடுத்து வரும் எண்ணெய் தடையே இல்லாமல் நேராக வெளியே போகும். சுத்தம் செய்ததும் நல்ல தண்ணீர் நிரப்பி, வெளியேறும் மட்டம் வரை கொண்டுவந்த பிறகே லாரிக்காரரை அனுப்புங்கள். நிறைந்தால் தானாக மூடும் மிதவை இருந்தால் அது தடையில்லாமல் அசைகிறதா என்பதையும் பாருங்கள்.

எந்த வகைத் தொட்டி என்று தெரிந்துகொள்வதும் நல்லது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 858-இல் முதல் வகுப்புத் தொட்டி சோதனையில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் கொண்டுவர வேண்டும், இரண்டாம் வகுப்புக்கு 100 மில்லிகிராம். மழைநீர் வடிகாலுக்குப் போகும் தண்ணீருக்கு இரண்டாம் வகுப்பை நம்பாதீர்கள்.

உறிஞ்சு தாள் உறிஞ்ச மாட்டேன் என்கிறது

வெள்ளை உறிஞ்சு தாள் எண்ணெயை மட்டும் குடிக்கும், தண்ணீரைத் தள்ளும். அது குடிக்கவில்லை என்றால் கொட்டியது எண்ணெய் அல்ல. கழித்த வண்டிகள் வரும் இடத்தில் பெரும்பாலும் ரேடியேட்டர் கூலண்டோ பிரேக் ஆயிலோதான். பெயரில் ஆயில் இருந்தாலும் சாதாரண பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், மிதக்காது. பிரிப்புத் தொட்டியும் அதைப் பிடிக்காது. அதற்குச் சாம்பல் நிறப் பொதுத் தாளோ களிமண் குருணையோ போடுங்கள். இவற்றை வண்டியிலிருந்து இறக்கும்போதே தனித்தனி டிரம்மில் பிடிப்பதுதான் சரி. எஞ்சின் ஆயிலோடு கலந்துவிட்டால் வேஸ்ட் ஆயில் எடுப்பவரும் வாங்க மாட்டார்.

களிமண் குருணையைத் தூவின உடனே கூட்டாதீர்கள். காலால் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டு, கூட்டி, மறுபடி ஒரு தடவை மெல்லிசாகத் தூவுங்கள். மரத்தூள் எனக்குப் பிடிக்காது. தண்ணீரையும் குடிக்கும், காற்றில் பறக்கும், மழையில் மிதந்து வடிகாலை அடைக்கும், தீயும் பிடிக்கும்.

இரும்புக் குவியலுக்கு அடியிலிருந்து கருப்பாக ஊறுகிறது

கடைசல் சுருள், ஆயில் ஃபில்டர், ஷாக் அப்சார்பர், கியர்பாக்ஸ் இவை நான்கும் உலர்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே எண்ணெய் வைத்திருக்கும். சுருள் குவியல் நாள் கணக்கில் வடியும். எண்ணெய் வடிந்து தொட்டியில் சேரும் சாய்வுத் தரையில், கூரைக்கு அடியில் வையுங்கள். ஃபில்டரில் துளை போட்டு, சூடு ஆறுவதற்குள் கவிழ்த்து, ஒரு ராத்திரி வடியவிடுங்கள்.

பழைய மின்மாற்றிகளும் பெரிய கெப்பாசிட்டர்களும் வந்தால் கவிழ்க்கவோ உடைக்கவோ வேண்டாம். உள்ளே பி.சி.பி. (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்) என்ற எண்ணெய் போன்ற திரவம் இருக்கலாம். 2001-இல் ஏற்று 2004-இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்கச் சொன்ன நச்சு அது. சுத்தமான பி.சி.பி. திரவம் தண்ணீரை விடக் கனமானது. மேலே படலத்தைத் தேடினால் தெரியாது, அடிச் சேற்றில் போய் உட்கார்ந்திருக்கும். ஆய்வகச் சோதனை முடியும் வரை தட்டின் மேல், கூரைக்கு அடியில், தனியாகப் பூட்டி வையுங்கள்.

துடைத்த துணி மூட்டை சூடாக இருக்கிறது

சமையல் எண்ணெய், ஆளி விதை எண்ணெய் போன்றவை ஊறிய துணி குவியலாகக் கிடந்தால் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடாகிப் பற்றும். மினரல் ஆயிலில் இந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனால் தொட்டியில் கிடப்பது எதைத் துடைத்த துணி என்று யார் பார்க்கப் போகிறார்கள்? மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு, தினமும் அகற்றுங்கள்.

எல்லாம் வாங்கி வைத்திருக்கிறோம், ஆனால் அன்றைக்கு எதுவும் கைக்கு வரவில்லை

இது மெஷினின் பிழை அல்ல, ஏற்பாட்டின் பிழை. கசிவைத் துடைக்கும் பொருள்கள் வைத்த கிட் பெட்டியைத் திறந்தால் சென்ற முறை எடுத்த தாள்கள் திரும்ப வைக்கப்படவில்லை, கையுறையை யாரோ வேறு வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். பெட்டி அலுவலக அறையில், அலுவலக அறைக்குப் பூட்டு. ராத்திரி ஷிஃப்ட்டில் சாவி இல்லை.

பெட்டியை டீசல் பம்ப்புக்குப் பக்கத்தில், பேலருக்குப் பக்கத்தில், வடிகாலுக்குப் பக்கத்தில் வையுங்கள். மூடிக்குச் சீல் ஒட்டுங்கள். சீல் கிழிந்திருந்தால் உள்ளே குறைகிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். மழைநீர் வடிகால் மூடிகளுக்கு நீலம், கழிவுநீர் மூடிகளுக்குச் சிவப்பு என்று பெயிண்ட் அடித்துவிடுங்கள். கொட்டும் நேரத்தில் எதை முதலில் மூடுவது என்று புது ஆளும் கேட்காமல் தெரிந்துகொள்வார். யார்டிலிருந்து வெளியேறும் கடைசிக் குழாயில் ஒரு மூடும் வால்வு இருந்தால் அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது எல்லா ஷிஃப்ட்டுக்கும் தெரிய வேண்டும். தீப்பிடித்தால் அணைக்கும் தண்ணீர் டிரம்களில் இருக்கும் எண்ணெயைச் சுமந்துகொண்டு அந்தக் குழாய் வழியாகத்தான் போகும்.

வருஷத்தில் இரண்டு தடவை, முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு டிரம் தண்ணீரைத் தரையில் கவிழ்த்து, இதை எண்ணெய் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். அந்தத் தண்ணீர் எந்த வடிகாலுக்கு, எத்தனை விநாடியில் போகிறது என்று ஒருவர் கூடவே நடந்து எழுதிக்கொள்ளட்டும். அடுத்த பெட்டியை வைக்க வேண்டிய இடம் அந்தக் குறிப்பில் இருக்கும்.